வறண்ட கரை என்று எழுதினேன்

சேறு இடுப்புக்கு ஏறிய பிறகும் நான் கையிலிருந்த செடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே பார்க்கப் பயம்.

ஒடுகத்தூரைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு குட்டை. ஊற்று நீர் கசிந்து நிறைவதால் ஊர்க்காரர்கள் ஊத்துக்குட்டை என்பார்கள். பல வருடங்களுக்கு முன்னால், ஒரு மே மாதத்து முற்பகல். சுற்றியிருந்த ஏரிகள் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, இது மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தது. நடுவில் கொஞ்சம் தண்ணீர். தண்ணீருக்கு மேலே மூக்குத்தி அளவில் மஞ்சள் பூக்கள்.

கரையிலிருந்து ஏழு அடி எடுத்து வைத்தால் பூ கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பூ கைக்கு வந்தது. திரும்பி எடுத்து வைத்த முதல் எட்டில் கணக்கு முடிந்தது.

"மேடம், அசையாதீங்க!" கரையிலிருந்து செல்வியக்கா கத்தினார்.

"நான் அசையலக்கா. அதுதான் என்னை இழுக்குது!"

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் பர்வீன். வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். எங்கள் கல்லூரியில் ஒரு ஹெர்பேரியம் உண்டு. செடிகளை அழுத்தி, உலர்த்தி, தடித்த காகிதத்தில் ஒட்டி, எங்கே எடுத்தோம், எப்போது எடுத்தோம், இடம் எப்படி இருந்தது என்று ஒரு லேபிள் எழுதி அலமாரியில் அடுக்கும் அறை. அந்த அறையின் பொறுப்பாளர் நான். அதை உண்மையில் நடத்துபவர் அங்கே உதவியாளராக இருக்கும் செல்வியக்கா. ஊத்துக்குட்டை அவர் பிறந்த ஊரின் குட்டை.

பக்கத்து நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கரையில் வந்து நின்றார்கள்.

"டீச்சரம்மா இன்னாத்துக்கு உள்ள எறங்கிச்சி?"

"பூ பறிக்கவாம்."

"தலைக்கு வெக்கவா?"

"பேப்பர்ல ஒட்டி வெக்கவாம்."

கேட்டவள் முகவாயில் கையை வைத்துக்கொண்டாள். என் ஆராய்ச்சி வாழ்க்கையில் இவ்வளவு நேர்மையான மதிப்புரை எனக்குக் கிடைத்ததே இல்லை.

ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

இந்த இடத்தில் என்னைச் சேற்றிலேயே நிறுத்திவிட்டு, நான் எப்படி அங்கே போனேன் என்று சொல்ல வேண்டும்.

மாணவியாக இருந்தபோது நூலகத்தில் ஒரு படப்புத்தகம் பார்த்தேன். குளிர்நாட்டுச் சதுப்பு நிலங்கள், மலைமேல் ஏரிகள், பனிமூட்டம். மார்பு வரை ரப்பர் உடை அணிந்த ஒரு பெண் ஏரி நடுவே நின்று, கையில் ஒரு செடியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறாள். அன்றே முடிவு செய்துவிட்டேன், நான் அவள்தான் என்று. நான் ஆம்பூர்க்காரி என்பதும், எங்களுக்குக் கிடைத்தது பாலாறு என்பதும், அதில் தண்ணீரைவிட மணல்தான் ஜாஸ்தி என்பதும் எனக்குத் தடையாகத் தெரியவில்லை.

மார்பு வரை ரப்பர் உடை எங்கே கிடைக்கும்? என் அண்ணன் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வேலை செய்பவர்கள் போடும் முழங்கால் உயர கம்பூட்ஸ் ஒரு ஜோடி எடுத்து வந்து கொடுத்தார். ஒன்பதாம் நம்பர். என் கால் ஐந்து. உள்ளே பழைய துணியைத் திணித்துக்கொண்டு, கண்ணாடி முன் நின்று பார்த்தேன். படத்துப் பெண்ணின் சாயல் கொஞ்சம் வந்த மாதிரி இருந்தது.

பூட்ஸ் தண்ணீரை வெளியே நிறுத்தும். உள்ளே போய்விட்டால் அதையும் விடாது. அன்று குட்டையில் இரண்டு பூட்ஸும் சேறு நிரம்பிக் கல்லாகிக் கிடந்தன. வெறுங்காலோடு இறங்கியிருந்தால் முழங்காலோடு தப்பித்திருப்பேன் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். பிறகு சொல்ல எல்லோருக்கும் தெரியும்.

அப்பா கேட்ட கேள்வி

அப்பா தோல் தரம் பிரிப்பவர். விரித்துப் போட்ட தோலில் கட்டை விரலை ஒருமுறை ஓட்டினால் போதும், இது எத்தனையாவது தரம், எங்கே உண்ணி கடித்த தழும்பு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

நான் நீர்ச்செடிகளை உலர்த்தத் தொடங்கிய காலத்தில் வீடு முழுக்க நாற்றம். நிலத்துச் செடி சமர்த்து. காகிதத்துக்கு நடுவில் வைத்து அழுத்தினால் அடங்கிவிடும். நீர்ச்செடி அப்படியில்லை. வெளியே எடுத்ததும் நனைந்த தலைமுடி மாதிரி சுருண்டு ஒட்டிக்கொள்ளும். ஒரு தட்டில் தண்ணீர் நிரப்பி, செடியை அதில் மிதக்கவிட்டு, அது தானாக விரிந்ததும் அடியில் காகிதத்தை நுழைத்து மெல்லத் தூக்க வேண்டும். பிறகு தினமும் ஈரத்தாளை மாற்ற வேண்டும். நான் மாற்ற மறந்துவிடுவேன். செடி அழுகிவிடும்.

தோல் தொழிற்சாலையிலேயே வாழ்நாளைக் கழித்த மனிதர் என் அறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, தோலு செத்தா ஷூ ஆவுது, பெல்ட்டு ஆவுது. உன் செடி செத்தா இன்னா ஆவும்?"

"ரெக்கார்ட் ஆவும்பா."

"அத யாரு பாப்பாங்க?"

யாரும் பார்க்கமாட்டார்கள் என்றுதான் உள்ளுக்குள் நானும் நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னை மாட்டிவிட்டது.

படுங்க மேடம்

குட்டைக்கு வருவோம். செல்வியக்கா ஓடிப்போய்த் தன் அண்ணன் முனிரத்தினத்தை அழைத்து வந்தார். அவர் அவசரமே படவில்லை. நான்கைந்து காய்ந்த தென்னமட்டைகளை இழுத்து வந்து, சேற்றின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக என் வரைக்கும் தள்ளினார்.

"மேடம், அப்டியே குப்புறப் படுங்க."

"படுக்கணுமா?"

"நின்னீங்கன்னா இன்னும் உள்ள போவீங்க. படுத்துக்கினு, பூட்ஸ விட்டுட்டு, கைய ஊனி வாங்க."

"இந்தச் செடி?"

முனிரத்தினம் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, செடியக் கேக்குது?"

செடியை வாயில் கவ்விக்கொண்டேன். முனைவர் பட்டம் பெற்றவள், துறையின் மூத்த ஆசிரியை, சேற்றில் குப்புறப் படுத்து, முதலை மாதிரி ஊர்ந்து கரைக்கு வந்தேன். பூட்ஸ் வரவில்லை. கரையில் இருந்த பெண்களில் ஒருத்தி என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "பயந்துட்டியாம்மா?" என்று கேட்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. வாயில் செடி இருந்ததால் சத்தம் வரவில்லை.

அந்தச் செடியின் பெயர் யூட்ரிகுலேரியா. செல்வியக்கா மஞ்சப் பாசி என்பார். அதற்கு வேரே கிடையாது. தண்ணீரில் மிதந்தே வாழும். இழை இழையான இலைகளில் கடுகைவிடச் சின்னதாகப் பைகள் இருக்கும். நீந்தி வரும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளை அந்தப் பைகள் சடக்கென்று உறிஞ்சித் தின்னும். இரையைத் தின்னும் செடியைப் பிடிக்கப் போன நான்தான் அன்று இரையாகத் தெரிந்தேன்.

லேபிள்

மறுநாள் கல்லூரியில் லேபிள் எழுத உட்கார்ந்தேன். நீர்நிலைக்குள் யார் இறங்கினாலும் முன்கூட்டியே முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், கோல் ஊன்றி ஆழம் பார்க்காமல் காலை வைக்கக் கூடாது என்று எங்கள் கல்லூரியில் விதி உண்டு. அந்த விதிகளை எழுதிக் கொடுத்தவள் நான்தான். மாணவிகளுக்கு வருடாவருடம் கண்டிப்பான குரலில் வாசித்தும் காட்டுவேன்.

நான் அனுமதி வாங்கவில்லை. கோலும் எடுத்துப் போகவில்லை.

'இடத்தின் தன்மை' என்ற கட்டத்தில் உண்மையை எழுதினால் கேள்வி வரும். கேள்வி வந்தால் ஊர்ந்த கதையும் வரும். ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி: 'குட்டையின் வறண்ட கரை. தேங்கிய நீர் இல்லை. கரையிலிருந்தே சேகரிக்கப்பட்டது.'

மிதந்து வாழும் செடியை வறண்ட கரையில் எடுத்ததாக எழுதினேன். முதலாண்டு மாணவி எழுதியிருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டு, வகுப்பில் எல்லோருக்கும் காட்டியிருப்பேன்.

என்னை ஒருவர் மேற்கோள் காட்டினார்

சில வருடங்கள் போயின. எங்கள் ஹெர்பேரியத் தாள்களை எல்லாம் படமெடுத்து இணையத்தில் ஏற்றினோம். அதற்கு மறு வருடம், ஒரு நாள் காலை என் மின்னஞ்சலுக்கு ஓர் அறிக்கை வந்தது. ஏதோ சுற்றுச்சூழல் ஆய்வு. தயாரித்த நிறுவனம் மரியாதைக்காக ஒரு பிரதி அனுப்பியிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் 'முனைவர் பர்வீன் அவர்களின் சேகரிப்பின்படி' என்று என் பெயர்.

வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் என்னை ஒருவரும் மேற்கோள் காட்டியதில்லை. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அண்ணன் கைதட்டும் பொம்மைகள் ஏழெட்டு போட்டார். அண்ணன் மனைவி, என் பாபி, "மாஷா அல்லாஹ், அதுல இன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் நானே படித்தேன்.

ஷூ பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி கிடங்கு கட்ட இடம் கேட்டிருந்தது. இடம் ஊத்துக்குட்டை. வருவாய்க் கணக்கில் அது தரிசு என்று மாறியிருந்தது. 'கோடையில் இங்கு நீர் தேங்குவதில்லை, ஆகவே இது நீர்நிலை அல்ல' என்று அறிக்கை சொன்னது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தது ஒன்றே ஒன்று. என் லேபிள்.

வாட்ஸ்அப்பில் போட்டதை அழிக்கலாம் என்று போனேன். அதற்குள் அண்ணன் அதை மூன்று குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்.

பிளேடு

அன்று மதியம் அந்தத் தாளை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். கையில் ஒரு பிளேடு. பழைய லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டிவிட்டால், படத்தையும் மாற்றி ஏற்றச் சொல்லிவிட்டால், யாருக்கும் சங்கடமில்லை. ஊருக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இப்படி என் மூளை எனக்காக மட்டும் மிக வேகமாக வேலை செய்யும்.

செல்வியக்கா உள்ளே வந்தார். அவர் கையிலும் அந்த அறிக்கை இருந்தது. ஊரிலிருந்து யாரோ போனில் அனுப்பியதை அச்செடுத்திருந்தார்.

"மேடம், வறண்ட கரைன்னு போட்டிருக்குது. நீங்களா எழுதுனீங்க?"

"ஆமாக்கா."

"நீங்க படுத்துக்கினு வந்தீங்களே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பிளேடைப் பார்த்தார்.

"எங்க ஊர்ல இப்ப இன்னா சண்டைன்னு நெனைக்கிறீங்க? குட்டைன்னு இருந்த ரெக்கார்ட யாரோ தரிசுன்னு மாத்திட்டாங்க. அதுக்குத்தான் நாயா பேயா அலையிறோம். நீங்களும் பிளேட எடுத்துக்கினு ரெக்கார்ட மாத்தறீங்களா?"

"உங்க ஊருக்காகத்தானேக்கா…"

"எங்க ஊருக்காக இல்ல மேடம். உங்க மானத்துக்காக."

அவர் கோபப்பட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கோபத்திலும் குரலை உயர்த்தவில்லை. பிறகு தணிந்து சொன்னார்: "கம்பெனி வரட்டும். எங்க அண்ணி தெனம் விடியக்காலைல பஸ் ஏறி ஆம்பூர் போய் ஷூ தெக்குது. கிட்ட வந்தா அதுக்கு நல்லதுதான். குட்டைல வேணாம், அந்தாண்ட மேட்டுல கட்டுங்கன்றோம். அவ்ளோதான். வர்ற வாரம் கூட்டம் இருக்குது. ஆர்டிஓ அம்மா வர்றாங்க. வந்து சொல்லுங்க."

"நான் பொய் எழுதினேன்னு சொன்னா, மத்த லேபிளையும் யாரும் நம்ப மாட்டாங்கக்கா. வேலைக்கே பேஜார் ஆயிடும்."

"ஆவும்," என்றார் செல்வியக்கா. ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்ப்பார் என்று காத்திருந்தேன். சேர்க்கவில்லை.

பஞ்சாயத்து ஆபீஸில்

கூட்டம் பஞ்சாயத்து அலுவலகத்தில் நடந்தது. வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்டிஓ அம்மா நடுவில். ஒரு பக்கம் கம்பெனியின் ஆலோசகர், லேப்டாப்போடு, மிகவும் மரியாதையான இளைஞர். என்னைப் பார்த்ததும் எழுந்து, "மேடம், உங்க ஒர்க் எங்களுக்கு ரொம்ப யூஸ்ஃபுல்லா இருந்துச்சு," என்றார். அவர்மேல் தப்பில்லை. எழுதியிருந்ததைத்தான் அவர் நம்பினார்.

திரையில் என் லேபிளைப் பெரிதாகக் காட்டி வாசித்தார். "தேங்கிய நீர் இல்லை. மே மாதம். கல்லூரி நிபுணரே பதிவு பண்ணியிருக்காங்க மேடம்."

எழுந்தேன். "அது பொய்."

"யார் நீங்க?" என்றார் ஆர்டிஓ.

"நான்தான் மேடம் அந்த நிபுணர்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அனுமதி வாங்காதது, பூட்ஸ், தென்னமட்டை, வாயில் செடி. இடுப்பில் கையை வைத்து, சேறு இதுவரைக்கும் என்று காட்டினேன். பின்வரிசையில் பெண்கள் சிரித்தார்கள். "ஆமாங்கம்மா, நாங்க பார்த்தோம்," என்று ஒரு குரல். ஆலோசகர்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ஆர்டிஓ சிரிக்கவில்லை. "அன்னைக்கு எழுதினது பொய்ன்னு நீங்களே சொல்றீங்க. இன்னைக்குச் சொல்றது நிஜம்ன்னு நான் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. ஒரு வாரமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வியும் அதுதான்.

"என்னை நம்ப வேணாம் மேடம். இந்தச் செடியைப் பாருங்க." தாளை அவர் முன்னால் வைத்து, என் கைலென்ஸைக் கொடுத்தேன். "இதுக்கு வேர் எங்க இருக்குன்னு தேடுங்க."

அவர் குனிந்து நிதானமாகத் தேடினார். "காணோமே."

"கிடையாது. தண்ணியில மிதக்கிற செடி. தரையில போட்டா மே மாத வெயில்ல ஒரு மணி நேரம் தாங்காது. இந்தச் சின்னப் பைகளைப் பாருங்க. கருப்பா இருக்கிறதெல்லாம் அது தின்ன பூச்சிங்க. தண்ணியில நீந்துற பூச்சி."

அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க நேரமானது. பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார். "குட்டை எவ்ளோ தூரம்?"

"பத்து நிமிஷம்மா," என்றார் முனிரத்தினம்.

எல்லோரும் நடந்தோம். அது ஜூன் மாதம், மழை இன்னும் வரவில்லை. ஒரு ஓரத்தில் கம்பெனிக்காரர்கள் லாரியில் மண் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். மீதி இடத்தில் தண்ணீர் நின்றது. மஞ்சள் பூ அப்போது இல்லை. முனிரத்தினம் ஒரு மூங்கிலைக் கொண்டு வந்து கரையோரத்தில் ஊன்றினார். அழுத்தவே இல்லை. அது தன் பாட்டுக்கு இறங்கி, அவர் உயரத்தில் பாதிக்கு மேல் போய் நின்றது. ஆர்டிஓ, கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, "எழுதிக்குங்க," என்றார்.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. குட்டை மறுபடியும் நீர்நிலை என்று கணக்கில் ஏறியது. கொட்டிய மண்ணைக் கம்பெனியே அள்ளிக்கொண்டு போனது. மேட்டு நிலத்தில் இப்போது கிடங்கு எழும்பிக்கொண்டிருக்கிறது. செல்வியக்காவின் அண்ணிக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று இன்னும் தெரியவில்லை.

துண்டுச்சீட்டு

எனக்கும் ஓர் உத்தரவு வந்தது. முதல்வர் மெமோ கொடுத்தார். ஹெர்பேரியப் பொறுப்பு ஒரு வருடத்துக்கு என் ஜூனியரிடம் போனது. நான் எழுதிய லேபிள்களை எல்லாம் களக்குறிப்பேட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். விடுமுறை முழுக்க நானும் செல்வியக்காவும் உட்கார்ந்து பார்த்தோம். வேறு பொய் எதுவும் இல்லை. எழுத்துப்பிழைகள் ஏராளம்.

ஹெர்பேரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய லேபிள் தப்பென்றால் அதைக் கிழிக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டி, சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். தப்பும் திருத்தமும் அந்தத் தாள் உள்ளவரை சேர்ந்தே இருக்கும். நான் எழுதினேன்: 'மேலே உள்ளது தவறு. நீர் இருந்தது. சேறு இடுப்பளவு. சேகரித்தவர் சிக்கிக்கொண்டார். செல்வியும் முனிரத்தினமும் ஊர்ப் பெண்களும் மீட்டனர்.' கையெழுத்துப் போட்டேன். செல்வியக்கா பசை தடவி ஒட்டினார்.

இப்போது ஒவ்வொரு வருடமும் முதலாண்டு மாணவிகளுக்கு அவர் காட்டும் முதல் தாள் அதுதான். கதையையும் அவரே சொல்கிறார். போன வருடம் சேற்றை மார்பு வரை ஏற்றியிருந்தார். இந்த வருடம் கழுத்து.

"இடுப்புதான்க்கா," என்றேன், வாசலில் நின்றபடி.

மாணவிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி பக்கத்திலிருப்பவளிடம் மெதுவாகச் சொன்னாள்: "மேடம் கூச்சப்படறாங்கடி. கழுத்துதான் இருக்கும்."